ஒரு பாருக்கு மேல் வேண்டாம்

டர்போ காருக்கு டியூனிங் செய்கிறவளிடம் வருகிற அத்தனை பேரும் ‘கொஞ்சம் கூட்டுங்க’ என்றுதான் வருகிறார்கள். ‘இது போதும்’ என்று சொல்லி அனுப்புவதுதான் என் தொழில்.

நீங்கள் தையல்காரராக இருக்கலாம். துணி இவ்வளவுதான், இதற்குமேல் ப்ளீட் வராது என்று தினமும் யாரிடமாவது மன்றாடிக்கொண்டிருக்கலாம். கட்டட இன்ஜினியராக இருந்து, இந்த அஸ்திவாரத்துக்கு மூன்றாவது மாடி தாங்காது என்று சொல்லிக் கெட்ட பெயர் வாங்கியிருக்கலாம். அப்படியென்றால் நீங்களும் நானும் ஒரே ஜாதி. மேலே படியுங்கள். நாம் சேர்ந்து அழலாம், நடுநடுவே கொஞ்சம் மார்தட்டியும் கொள்ளலாம்.

தொழிலைப் பற்றி நாலு வரி. இன்ஜினிலிருந்து வெளியேறும் சூடான புகையை வைத்து ஒரு சின்னச் சக்கரத்தைச் சுழற்றி, அந்தச் சுழற்சியில் வெளிக்காற்றை அழுத்தி இன்ஜினுக்குள் திணிக்கிற சாதனம்தான் டர்போ. திணிக்கிற அழுத்தத்துக்கு பூஸ்ட் என்று பெயர். அதை ‘பார்’ கணக்கில் சொல்வோம். அழுத்தம் கூடினால் காருக்குச் சக்தி கூடும். ஓரளவுக்கு மேல் போனால் பிஸ்டன் உடையும். அந்த ‘ஓரளவு’ எது என்று கண்டுபிடித்து, காரின் கம்ப்யூட்டரில் எழுதி வைப்பது என் வேலை. கழக்கூட்டம் என்கிற மலையாள ஊரில் பன்னிரண்டு வருஷம் சாஃப்ட்வேர் கம்பெனியில் உட்கார்ந்து, யாரோ ஒரு கார் கம்பெனிக்காரனுக்கு இதே மாதிரி புரோகிராம் எழுதிக் கொடுத்துக்கொண்டிருந்தேன். பிறகு அதே கழக்கூட்டத்தில் பைபாஸ் ஓரமாக ஒரு ஷெட் எடுத்து, எனக்காகவே எழுத ஆரம்பித்தேன்.

என்னிடம் வருகிறவர்களில் பாதிப்பேர் டிராக் டே பைத்தியங்கள். சொந்தக் காரையே கோயம்புத்தூர் ரேஸ் டிராக்குக்கு ஓட்டிக்கொண்டு போய், நாள் முழுக்கச் சுற்றிவிட்டு, அதே காரில் வீடு திரும்புகிறவர்கள். பரிசு கிடையாது, போட்டி கிடையாது. அதே காரில் வீடு திரும்புவது என்கிற விஷயத்தை மட்டும் அவர்கள் மறந்துவிடுவார்கள். அதை ஞாபகம் வைத்துக்கொள்வது என் பொறுப்பு.

அம்மா செய்த விளம்பரம்

வேலையை விட்டேன் என்று சொன்னபோது அம்மா என்னைத் திட்டவில்லை. வலியசாலையில் எங்கள் தெருவில் ஒரு வீட்டில் வேலை போனால் அடுத்த வீட்டுக்குத் தெரிய அரைமணி போதும் என்பதுதான் அவளுடைய கவலை. அதனால் நான் என்ன செய்கிறேன் என்று விவரமாகக் கேட்டுத் தெரிந்துகொள்ள ஆசைப்பட்டாள். பூஸ்ட் எவ்வளவு இருக்கணும்னு பார்த்து வைக்கிறேன் என்றேன். “ஏண்டி, அத்தனை பேரும் ஆத்துல பால் இல்லாமயா உங்கிட்ட வரா?” என்றாள். அது குடிக்கிற பூஸ்ட் இல்லை, காற்றின் அழுத்தம், அதிகமானால் இன்ஜின் போய்விடும் என்று காய்கறி நறுக்கியபடியே விளக்கினேன். கவனமாகக் கேட்டுக்கொண்டாள். திரும்பி ஒரு கேள்வி கேட்கவில்லை என்பதால் புரியவில்லை என்றே நினைத்தேன்.

அடுத்த வாரம் கோயிலுக்குப் போகிற வழியில் பக்கத்து வீட்டு மாமி என்னை நிறுத்தி, தன் இடது கையை நீட்டி, “எனக்கும் பார்த்துச் சொல்லேன்” என்றார். எனக்கு ஒன்றும் ஓடவில்லை. வீட்டுக்கு வந்து அம்மாவிடம் என்ன சொல்லி வைத்தாய் என்று கேட்டேன். அவள் கொஞ்சமும் அசரவில்லை.

“உள்ளதைத்தான் சொன்னேன். எங்காத்துப் பொண்ணு ப்ரெஷர் பாக்கறா, ஜாஸ்தியா இருந்தா கொறச்சு விடறா, வரவா எல்லாரும் ஆம்பளேள், ஒருத்தரும் சொன்ன பேச்சைக் கேக்கறதில்லைன்னேன். இதுல எது பொய்?”

சைக்கிள் பம்பு

எங்கள் ஷெட்டில் மெக்கானிக் வேலை முழுக்க செல்வத்தின் கையில். களியக்காவிளைக்காரர். என்னைவிட மூன்று வயது சின்னவர். வாடிக்கையாளர் இருந்தால் ‘மேடம்’, இல்லாவிட்டால் ‘அக்கா’. நான் லேப்டாப்பில் பத்து நிமிஷம் விளக்கியும் வந்தவர் தலையில் ஏறாத விஷயத்தை அவர் ஸ்பானரால் ஒரு தட்டுத் தட்டிப் புரியவைத்துவிடுவார்.

ஐ.டி. பார்க்கில் வேலை பார்க்கும் நிகால் என்றொரு பையன் தன் சின்ன ஹேட்ச்பேக்கைக் கொண்டுவந்தான். “சேச்சி, என்டெ கூட்டுகாரன் வண்டி இருபத்திரண்டு பி.எஸ்.ஐ. ஓடுது. எனக்கும் அதே வேணம்.” இருபத்திரண்டு பி.எஸ்.ஐ. என்றால் சுமார் ஒன்றரை பார். அந்த நண்பனுடைய கார் பெரியது, டர்போவும் பெரியது. இவனுடைய டர்போ எலுமிச்சம்பழம் அளவு. சின்ன டர்போவை விரட்டி விரட்டி ஒன்றரை பாருக்கு ஏற்றலாம். ஆனால் வருகிற காற்று கொதித்துக்கொண்டு வரும். கொதிக்கிற காற்றில் இன்ஜினுக்குச் சக்தி கிடைக்காது, கேடுதான் வரும். வரைபடம் காட்டினேன். எண்கள் காட்டினேன். அவன் முகத்தில் இருபத்திரண்டு என்ற எண்ணைத் தவிர வேறொன்றும் தெரியவில்லை.

செல்வம் உள்ளே போய் ஒரு பழைய சைக்கிள் பம்பைக் கொண்டுவந்து அவன் கையில் கொடுத்தார். “அடிங்க சார். ஒரு விரலால நுனிய அடைச்சுக்கிட்டு அடிங்க. நல்லா வேகமா.” நிகால் சிரித்துக்கொண்டே அடித்தான். முப்பது, நாற்பது முறை. சட்டென்று விரலை உதறினான். பம்பின் அடிப்பக்கத்தைத் தொட்டுப் பார்த்தான். இன்னொரு முறை தொட்டான். செல்வம் பம்பை வாங்கி மூலையில் சாய்த்து வைத்தார். நிகால் தன் கார் பக்கம் திரும்பினான்.

“அப்ப நான் இவ்வளவு நேரமா கேட்டுக்கிட்டிருந்தது காத்து இல்லையா சேச்சி, சூடா?”

ஸ்பீக்கரில் வந்த வினை

சஜீவ் எங்களுடைய ஆரம்பகால வாடிக்கையாளர். முப்பத்தைந்து வயது, நல்ல உத்தியோகம், குழந்தை மாதிரி மனசு. அவருடைய செடானுக்கு ஒரு பார் என்று எழுதிப் பூட்டியிருந்தேன். எங்கிருந்தோ ஒரு வால்வு வாங்கி, யூடியூப் பார்த்து, டர்போவின் குழாயில் தானே பொருத்தி, திருகைத் திருப்பி பூஸ்ட்டைக் கூட்டிவிட்டார். கூட்டியதை மறந்து, மாதாமாதம் அனுப்புகிற பதிவுக் கோப்பையும் வழக்கம்போல எனக்கு மெயிலில் அனுப்பிவிட்டார். காரின் கம்ப்யூட்டர் ஒவ்வொரு நொடியும் நடந்ததை எழுதி வைக்கும். சாக்குப்போக்கு சொல்லத் தெரியாத ஜென்மம் அது. சனிக்கிழமை சாயங்காலம் ஐந்து ஐம்பதுக்கு, ஒன்று புள்ளி நாலு ஐந்து பார்.

எனக்குக் கோபம் வந்துவிட்டது. உடனே போன் போட்டேன். அவர் ‘ஹலோ’ என்றதுமே ஆரம்பித்தேன். “சஜீவ், உங்களுக்கு ஒரு பார்தான்னு சொல்லியிருந்தேன் இல்லையா? சனிக்கிழமை ஒரு பார் தாண்டிப் போயிருக்கீங்க. ஒண்ணரை வரைக்கும் போயிட்டீங்க. பொய் சொல்லாதீங்க, நேரத்தோட எங்கிட்ட ரெக்கார்டு இருக்கு. இப்படியே போனா ஒருநாள் நடுரோட்டில்தான் கிடப்பீங்க.” கார் ஸ்பீக்கரில் நான் பேசியதை அவர் மனைவி, மாமனார், மாமியார் மூவரும் கேட்டுக்கொண்டிருந்தார்கள் என்பது எனக்கு அப்புறம்தான் தெரியும். கல்யாண வீட்டுக்குப் போய்க்கொண்டிருந்தார்களாம்.

திங்கட்கிழமை காலை மனைவியையும் கூட்டிக்கொண்டு ஷெட்டுக்கு வந்துவிட்டார். நான் லேப்டாப்பைத் திறந்து கோடு எங்கே ஏறியது என்று அந்தப் பெண்ணுக்குக் காட்டினேன். செல்வம் வால்வைக் கழற்றி மேஜைமேல் வைத்தார். கணவர் குடிகாரர் இல்லை என்று தெரிந்ததும் மனைவி சிரிப்பார் என்று எதிர்பார்த்தேன். அவர் வால்வைக் கையில் எடுத்து, திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, கைப்பைக்குள் போட்டுக்கொண்டார். சஜீவ் மெல்ல என் பக்கத்தில் வந்து நின்றார். அவர் ஞாயிறு தவறாமல் சர்ச்சுக்குப் போய்ப் பாதிரியாரிடம் பாவமன்னிப்புக் கேட்கிறவர்.

“பள்ளியில அச்சன்கிட்ட குற்றம் ஏத்துச் சொல்றப்பகூட நான் சிலதை விட்டுடுவேன் சேச்சி. உங்ககிட்ட அதுவும் நடக்கல்லியே.”

சத்தம் மட்டும்

எல்லோருக்கும் வேகம்தான் வேண்டும் என்று நினைத்துவிடாதீர்கள். ஒரு பல் டாக்டர் வந்தார். சாந்தமான மனிதர், காரும் சாந்தமாகவே ஓடும். ஆக்ஸிலரேட்டரை விடும்போது டர்போ கார்களில் ‘ப்ஷ்ஷ்’ என்று காற்று வெளியேறும் சத்தம் கேட்குமே, அது தன் காரில் சரியாகக் கேட்கவில்லை என்பதுதான் புகார். பூஸ்ட் கூட்டவே வேண்டாமாம், குறைத்தாலும் சரியாம். என் தொழில் வாழ்க்கையில் பூஸ்ட்டைக் குறைக்கச் சம்மதித்து வந்த முதல் மனிதர் என்பதால் எழுந்து நின்று நாற்காலி போட்டேன். எதற்காக இந்தச் சத்தம் என்று கேட்டதற்கு மிகவும் நியாயமான பதில் சொன்னார்.

“நாள் முழுக்க சத்தம் போடாதீங்க, சத்தம் போடாதீங்கன்னு மத்தவங்ககிட்ட சொல்லிச் சொல்லி அலுத்துப்போச்சு மேடம். சாயங்காலம் ஏதாவது ஒண்ணு சத்தம் போடட்டுமே.”

என் கையால் போன இன்ஜின்

இதைச் சொல்லாமல் மற்றதைச் சொன்னால் நான் யோக்கியமில்லை.

முருகேசன் அண்ணாச்சி அம்பாசமுத்திரம் பக்கத்திலிருந்து பரோட்டா மாஸ்டராக வந்தவர். இப்போது வித்துராவில் சொந்தமாக ஹோட்டல். பொன்முடி மலைக்குப் போகிற வண்டிகள் அவர் கடை வாசலில் நிற்காமல் போவது அபூர்வம். ஐம்பத்திரண்டு வயதில் ஒரு பழைய டர்போ ஹேட்ச்பேக் வாங்கினார். “சின்ன வயசுல ஸ்டியரிங்கப் புடிக்க ஆசப்பட்டேன், கரண்டியத்தான் குடுத்தானுவ” என்பார். செவ்வாய்க்கிழமை கடைக்கு விடுமுறை. அன்றைக்கு எங்கள் ஷெட்டில் இருப்பார். என்னிடம் வந்தவர்களில் எண்ணோ சத்தமோ எதுவும் கேட்காத ஒரே ஆள். “உங்களுக்கு எது சரின்னு படுதோ அதை வைங்க” என்று சாவியைக் கொடுத்துவிட்டார்.

நான் ஒன்று புள்ளி இரண்டு பார் வைத்தேன். ஜனவரி மாதக் காலை, ஆளில்லாத சாலை, நாலைந்து விநாடி ஓட்டம், உடனே இளைப்பாறல், மறுபடி நாலைந்து விநாடி. கோடுகள் எல்லாம் அழகாக வந்தன. எனக்குப் பெருமை தாங்கவில்லை. ஏப்ரலில் கோயம்புத்தூர் போனோம். சாலையில் முழு பூஸ்ட் சில விநாடிதான் வேலை செய்யும். டிராக்கில் ஒவ்வொரு சுற்றிலும், ஒவ்வொரு நேர்ப்பாதையிலும், ஆறாமல் வேலை செய்யும். இது எனக்குத் தெரியாத விஷயம் இல்லை. தெரிந்தும் அதற்குச் சோதித்துப் பார்க்கவில்லை. ஏழாவது சுற்றில் அண்ணாச்சியின் கார் நீலப் புகையோடு, டிராக் ஓரத்தில் கார்கள் வந்து நிற்கிற பிட்டுக்குள் வந்தது. உள்ளே யாரோ சுத்தியலால் தட்டுவதுபோல ஒரு சத்தம். செல்வம் ஓடிப்போய் இன்ஜினை அணைத்தார். நான் லேப்டாப்பைச் செருகினேன். இன்ஜினுக்குள் போன காற்று முதல் சுற்றில் நாற்பத்தைந்து டிகிரி, ஏழாவதில் எண்பதைத் தொட்டிருந்தது. அந்தச் சூட்டில் பெட்ரோல் தன் முறை வருமுன் தானாகவே பற்றிக்கொண்டது. மூன்றாவது பிஸ்டன் உடைந்திருந்தது.

எனக்கு முன்னால் நாலு சாக்குகள் வரிசையாக வந்து நின்றன. பெட்ரோல் சரியில்லை, வெயில் ஜாஸ்தி, வண்டி பழசு, அவர் விரட்டி ஓட்டிவிட்டார். எதைச் சொன்னாலும் அண்ணாச்சி நம்பியிருப்பார். நம்புவார் என்பதுதான் தாங்கமுடியவில்லை. ஹெல்மெட்டைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு நிழலில் உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். “அண்ணாச்சி, தப்பு உங்க மேல இல்ல. வண்டி மேலயும் இல்ல. நான் வெச்ச பூஸ்ட் ரோட்டுக்குச் சரி, இங்கே தப்பு. சோதிக்காம வெச்சுட்டேன். இன்ஜினை நானே செஞ்சு தரேன்.” இந்தத் தொழிலை விட்டுவிட்டுப் பழைய கம்பெனிக்கே போய்விடலாமா என்றுகூட அந்த நிமிஷம் தோன்றியது. அண்ணாச்சி என் பக்கம் திரும்பினார்.

“முத நாளே பரோட்டா வட்டமா வந்துட்டா, அப்பறம் மாஸ்டர்னு தனியா ஒருத்தன் எதுக்கும்மா? எந்திரிங்க, வண்டிய லாரில ஏத்தப் பாப்போம்.”

மெதுவாகப் போன குற்றம்

இன்ஜினைப் பிரித்துக் கோர்க்க இரண்டு மாதம் ஆயிற்று. செவ்வாய்க்கிழமை தவறாமல் அண்ணாச்சி பரோட்டா பொட்டலத்தோடு வந்து, கிரீஸ் கையோடு எங்கள் கூடவே நின்றார். அந்த இரண்டு மாதமும் நான் புதிதாகப் புரோகிராம் எழுதினேன். உள்ளே போகும் காற்று ஐம்பத்தைந்து டிகிரியைத் தாண்டினால் பூஸ்ட் தானாகப் படிப்படியாகக் குறையவேண்டும். பெட்ரோலின் அழுத்தம் விழுந்தால் உடனே குறையவேண்டும். சுத்தியல் சத்தத்தின் முதல் அறிகுறி தெரிந்தாலே அடிமட்டத்துக்கு இறங்கிவிட வேண்டும். ஓட்டுகிறவரைக் கேட்க வேண்டியதில்லை.

இதைச் சோதிக்க எனக்கு வேகம் வேண்டியிருக்கவில்லை, சூடு வேண்டியிருந்தது. அதனால் நல்ல மத்தியான வெயிலில் வித்துராவிலிருந்து பொன்முடி மலைச்சாலையில், அண்ணாச்சியின் காரில், இரண்டாவது கியரில், முப்பது கிலோமீட்டர் வேகத்தில் ஏறினோம். மெதுவாக ஏறினால் முன்னாலிருந்து காற்று அடிக்காது, இன்ஜின் வெந்து போகும். செல்வம் ஓட்டினார். நான் பக்கத்தில் லேப்டாப்பை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். மேலே போய், கீழே இறங்கி, மறுபடி மேலே. எங்களுக்குப் பின்னால் வந்த ஒரு கார்க்காரர் கொண்டைஊசி வளைவு முழுக்க ஹார்ன் அடித்துவிட்டுத் தாண்டிப் போனார். ஒரு ஸ்கூட்டர் தாண்டிப் போயிற்று. ஐம்பத்தைந்து டிகிரியில் பூஸ்ட் கோடு தானாக வளைந்து இறங்கியபோது நான் கைதட்டிவிட்டேன். செல்வம் பயந்துபோய்ப் பிரேக் பிடித்தார்.

மூன்றாவது முறை ஏறும்போது செக்போஸ்ட்டில் இருந்த வனக்காவலர் கையைக் காட்டி நிறுத்தினார். காரின் முன்பக்கத்தைப் பார்த்தார். குழாய்களைப் பார்த்தார். என் லேப்டாப்பையும் அதிலிருந்து டேஷ்போர்டுக்குள் போகிற வயரையும் பார்த்தார். நான் டர்போ, சூடு, அழுத்தம் என்று என் மலையாளத்தில் விளக்க ஆரம்பித்தேன். அவர் கையைக் காட்டி அதையும் நிறுத்தினார்.

“இந்த மாதிரி வண்டியை வேகமா போனதுக்குத்தான் நாங்க பிடிக்கிறது. இதுல இத்தனை மெல்லப் போறீங்கன்னா, அதுல ஏதோ இருக்கு. அது என்னன்னு சொல்லிட்டுப் போனா மதி, அவ்வளவு போதும்.”

பாதியில் சோம்பிய வண்டி

மறுபடியும் கோயம்புத்தூர். மறுபடியும் அண்ணாச்சி. இந்த முறை பூஸ்ட் பாயிண்ட் ஒன்பது பார். முன்பு வைத்ததில் முக்கால்வாசிதான். காலையில் பிட்டில் கார்களை வரிசையாக நிறுத்தியபோது அவருடையதுதான் ஆகப் பழசு, ஆகச் சின்னது. பக்கத்தில் ஒரு பெரிய வெளிநாட்டு செடான் நின்றது. அதன் டயர் மட்டுமே அண்ணாச்சியின் காரைவிடக் கம்பீரமாக இருந்தது. நான் சரியாகச் சாப்பிடவில்லை. போன தடவை உட்கார்ந்த அதே நிழலின் பக்கம்கூடப் போகவில்லை.

ஏழாவது சுற்றை எண்ணினேன். எட்டாவதையும் எண்ணினேன். பிறகு எண்ணுவதை விட்டேன். மத்தியானத்துக்குள் வெயிலில் மூன்று கார்கள் உயிரை விட்டன. ஒன்றைக் கயிறு கட்டி இழுத்து வந்தார்கள். அண்ணாச்சி யாரையும் முந்தவில்லை, ஆனால் ஒரு சுற்றுக்கும் இன்னொரு சுற்றுக்கும் வித்தியாசமே இல்லாமல், ஹோட்டலில் டீ ஆற்றுவதுபோல, சுற்றிக்கொண்டே இருந்தார்.

மூன்று மணி சுமாருக்கு, நீளமான நேர்ப்பாதையின் நடுவில், அவர் கார் சட்டென்று சோம்பிவிட்டது. எங்கள் கண் முன்னாலேயே பின்னால் வந்தவர்கள் எல்லாம் தாண்டிப் போனார்கள். கையை உயர்த்திக் காட்டியபடி ஓரமாக ஓட்டிக்கொண்டு பிட்டுக்கு வந்தார். புகை இல்லை. சத்தம் இல்லை. “திடீர்னு படுத்துட்டும்மா. நான் ஒண்ணும் செய்யல” என்றார், ஏதோ தப்பு செய்தவர்போல. செல்வம் என்னைப் பார்த்தார். இருவருக்கும் ஒரே நினைப்புதான். லேப்டாப்பைச் செருகினேன்.

கோடுகள் வந்தன. பெட்ரோல் டேங்குக்குள் இருக்கும் பம்பு வெப்பத்தில் சாகத் தொடங்கியிருந்தது. நேர்ப்பாதையில் முழு வேகத்தில் பெட்ரோலின் அழுத்தம் சரிந்திருந்தது. காற்று முழுசாக வந்து பெட்ரோல் குறைந்தால் இரண்டு மூன்று விநாடியில் பிஸ்டன் உருகும். அந்த வேகத்தில், அந்த இடத்தில், இன்ஜின் இறுகி நின்றிருந்தால் போவது இன்ஜின் மட்டுமாக இருந்திருக்காது. பெட்ரோல் கோடு சரிந்த அதே இடத்தில், கால் விநாடிகூடத் தள்ளாமல், பூஸ்ட் கோடும் படிக்கட்டிலிருந்து குதித்ததுபோல இறங்கியிருந்தது. சுத்தியல் சத்தம் ஒன்றுகூடப் பதிவாகவில்லை. நான் எழுதிய நாலு வரி, நான் பக்கத்தில் இல்லாதபோது, அண்ணாச்சியைக் கேட்காமல், தன் வேலையைச் செய்திருந்தது. நான் அதைப் பெரிதாக்கினேன், சின்னதாக்கினேன், மறுபடி பெரிதாக்கினேன். செல்வத்தைக் கூப்பிட்டுக் காட்டினேன். அவர் பார்த்துவிட்டு, பக்கத்தில் ஆட்கள் நிற்கிறார்கள் என்பதை மறந்து, “அக்கா…” என்றார். பன்னிரண்டு வருஷம் கம்பெனியில் வாங்கிய பாராட்டுக் கடிதங்கள் ஒரு பெட்டி நிறைய இருக்கின்றன. ஒன்றுகூட இப்படி இனித்ததில்லை.

வண்டி நன்றாக ஆறியபிறகு, தீயணைப்பானைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, பின்சீட்டைத் தூக்கி, செல்வம் பம்பை மாற்றினார். அவர் பையில் மாற்றுப் பம்பு இருந்தது. அவர் பையில் இல்லாத பொருளை நான் பார்த்ததில்லை. கடைசி அரைமணிக்கு அண்ணாச்சி மறுபடி டிராக்கில் இறங்கினார். கொடி காட்டி முடிக்கிறவரை ஓட்டினார்.

சாயங்காலம் அந்தப் பெரிய வெளிநாட்டு செடானை நெம்பி லாரியில் ஏற்றிக்கொண்டிருந்தார்கள். அதன் சொந்தக்காரர் கோயம்புத்தூர்க்காரர், மரியாதையான ஆள். அவருக்கு எங்கள் கார்மேல் கண் இருந்திருக்கிறது. நேராக அண்ணாச்சியிடம் வந்தார். “ஏனுங்க, காலைல இருந்து ஓடிட்டே இருக்குது உங்க வண்டி. எவ்வளவு பூஸ்ட் வெச்சிருக்கீங்க, சொல்லுங்க” என்றார். நான் வாயைத் திறக்குமுன் அண்ணாச்சி என்னை ஒருமுறை பார்த்துக்கொண்டார். சட்டைக் காலரைச் சரிசெய்துகொண்டார்.

“நம்பரெல்லாம் எனக்குத் தெரியாது தம்பி. நாளைக்குக் காலைல கிளம்பி, வித்துராவுல எங்க வீட்டு வாசல் வரைக்கும் நானே ஓட்டிக்கிட்டுப் போற அளவுக்கு மேடம் வெச்சிருக்காவ.”

ஆக, என் திறமை முழுவதும் உடையாமல் போன பொருள்களில் மட்டுமே இருப்பதால், ஷெட்டின் விளம்பரப் பலகையில் போட உருப்படியாக ஒரு போட்டோகூட இதுவரை கிடைக்கவில்லை.